கையொப்பமிட்ட துப்பறியும் நூல்கள்

துப்பறியும் நாவல் என்றதும், "பரீட்சைக்கு உதவாத புத்தகம்" என்று வீட்டில் ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் அந்த நூல்களையே எழுத்தாளரின் கையொப்பத்தோடு தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். எருக்கலம்பிட்டியிலுள்ள என் பெரிய மாமா அவர்களில் ஒருவர். அவரிடம் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்கிறேன்.

கையொப்பமிட்ட நூல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கையொப்பம் மட்டும் உள்ளவை முதல் வகை. "இன்னாருக்கு" என்று பெயர் எழுதிக் கொடுத்தவை இரண்டாவது. எழுத்தாளர் தம் நண்பருக்கோ சக எழுத்தாளருக்கோ கொடுத்தவை மூன்றாவது. அதுவே அரியது. சில நூல்களின் முன்னுரையில் கையொப்பத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அது கணக்கில் சேராது. போல்பொயின்ற் பேனையால் எழுதியிருந்தால் அதன் அழுத்தம் தாளின் மறுபுறத்தில் விரலுக்குத் தட்டுப்படும்.

தமிழில் இந்தத் தேடல் சுவையானது. 'சுஜாதா' என்று எழுதியவர் ரங்கராஜன். அது அவருடைய மனைவியின் பெயர். 'சுபா' என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர். எனவே அவர்களின் நூலில் இரண்டு கையொப்பங்கள் இருந்தால்தான் நிறைவு. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் 1977இலும், கணேஷ் – வசந்தைப் படைத்த சுஜாதா 2008இலும் மறைந்தார்கள். இனி அவர்கள் கையொப்பமிட்ட பிரதிகள் குறையலாமே தவிரக் கூடப்போவதில்லை.

குறைவதற்குத் தாளும் ஒரு காரணம். மாத நாவல்கள் மலிவான தாளில் அச்சானவை. மரக்கூழிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். பின் தாள் நொறுங்கும். பஸ்ஸில் படித்துவிட்டு எறிந்தவர்களே அதிகம். நம் தீவின் உப்பீரக் காற்று வேறு. ஆகவே புத்தகங்களைச் சுவரோடு ஒட்டாமல், காற்றோட்டமாக நிறுத்தி வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கே, எப்போது கிடைத்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

வியாபாரிகள் பலர் பெயர் எழுதாத பிரதியையே விரும்புவார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் இருந்தால் விலை குறையலாம். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இராமேஸ்வரம் கப்பல் ஓடிய காலத்தில் மாமா சென்னைக்குப் போய், தம் பெயரும் ஊரும் எழுதிக் கையொப்பமிட்ட நாவல்களை வாங்கி வந்தார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் ஊரார் படகேறிக் கற்பிட்டிக்குப் போனபோது புத்தக அலுமாரி வீட்டிலேயே நின்றது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையுமில்லை, உள்ளே அலுமாரியுமில்லை. பேசாலைச் சிநேகிதர் ஒருவர் இரவல் வாங்கிய ஒரு நாவல் மட்டும் தப்பியிருந்தது. அந்தச் சிநேகிதர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் பெட்டியைக் கிளறியபோது அது கிடைத்தது. முதல் பக்கத்தில் "எருக்கலம்பிட்டி" என்றும் மாமாவின் பெயரும் இருந்ததால், விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

வெறும் கையொப்பம் மட்டும் இருந்திருந்தால் அது யாருடையது என்று அந்த மகனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே தோழியரே, எந்த எழுத்தாளரிடமாவது கையொப்பம் வாங்கும் நாள் வந்தால், உங்கள் பெயரையும் ஊரையும் திகதியையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள்.