கடிநாயும் ஊராட்சியின் கடமையும்

ஏற்காட்டில் வைகறையிலே காப்பித் தோட்டங்களுக்கு ஏகும் தொழிலாளரும், பள்ளி செல்லும் சிறாரும் பெரும்பாலும் கால்நடையாகவே செல்வர். அவர்தம் வழியில் கடிக்கும் நாயொன்று திரியுமாயின், அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர் யார்?

வெறிநோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. 1900-இல் கசௌலியிலும், 1907-இல் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் நிறுவப்பட்டமையால் கடியுண்டார்க்குச் சிகிச்சை கிட்டிற்று. ஆயினும் மருத்துவர் பணி கடித்தபின் தொடங்குவது. கடியாமற் காத்தல் ஊராட்சியின் பணியாம்.

2023-ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இக்கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மீதே சுமத்துகின்றன. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல் வேண்டும். அவற்றிற்குக் கணக்கும் வைத்தல் வேண்டும். வெறிநோய் கொண்டனவற்றையும் மூர்க்கமானவற்றையும் தெருவில் மீள விடலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-இல் ஆணையிட்டது.

எனினும், கேட்பாரில்லாத விதி ஏட்டுச் சுரைக்காயே. வாய்மொழி முறையீடு காற்றோடு போம். ஆதலின், நாளும் இடமும் கடியுண்டார் தொகையும் குறித்து ஊராட்சிக்கு மனு எழுதி, அதனைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதற்சீட்டு வாங்குதல் நன்று. எத்தனை நாய்கள் பிடிபட்டன, எத்தனைக்கு ஊசி போடப்பட்டது என்பனவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி வினவலாம். 30 நாளில் விடை தருதல் அலுவலர் கடன்.

மாணவ நண்பர்களே, எழுதவறியாத தோட்டத் தொழிலாளி ஒருவர்க்கு இம்மனுவை எழுதிக் கொடுப்பது நம் கல்விக்கு ஏற்ற தொண்டன்றோ?