பந்துக்குள்ளே என்னம்மா இருக்கு?

படம் ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ருவாண்டா நாட்டுப் பொடியன் ஒருவன் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கால்பந்து செய்வது எப்படி என்று பாடம் நடத்துகிறான். ஓர் ஆணுறையை எடுத்து வாயில் வைத்து ஊதுகிறான். பலூன் மாதிரி உப்புகிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேலே கயிறு. இறுக்கிக் கட்டி ஓர் உதை! பந்து தயார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பிள்ளை சும்மா இருப்பானா? "அந்தப் பந்துக்குள்ளே என்னம்மா வெச்சான்?" என்றான். என் மாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கீரை ஆய்வதில் மும்முரமாகிவிட்டார். என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "படத்தைப் பாருடா, அப்புறம் சொல்றேன்" என்று நான் சமாளித்தேன்.

அந்த 'அப்புறம்' வருவதற்குள் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'ஆப்பிரிக்கா யுனைடெட்'. 2010-ல் வெளிவந்த ஆங்கிலப் படம். டெப்ஸ் கார்ட்னர்-பேட்டர்சன் என்ற பெண்மணி எடுத்தது. அந்த வருஷம்தான் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி முதல் முறையாக ஆப்பிரிக்க மண்ணில், தென் ஆப்பிரிக்காவில் நடந்தது. ஜூன் 11-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க் நகரத்தில் தொடக்க விழா. அந்த விழாவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கிளம்புகிற குழந்தைகளின் கதை இது.

பந்து செய்கிற பையன் டுடு. அப்பா அம்மா இரண்டு பேரையும் எய்ட்ஸ் கொண்டுபோய்விட்டது. ஒரே துணை தங்கை பியாட்ரிஸ். டாக்டராகி இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. டுடுவுக்கு விளையாட்டைவிட வாய்தான் ஜாஸ்தி! தன் சிநேகிதன் ஃபாப்ரிஸுக்குத் தானே 'மானேஜர்' என்று நியமித்துக்கொண்டிருக்கிறான். ஃபாப்ரிஸ் வசதியான வீட்டுப் பிள்ளை, காலில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல ஆடுகிறவன். அவன் அம்மாவோ, "படிப்பைப் பார், பந்தெல்லாம் அப்புறம்" என்கிற ரகம். (நம்மில் எத்தனை பேர் அந்த ரகம் என்று கேட்டால் நான்தான் முதலில் கை தூக்குவேன்.)

தலைநகர் கிகாலியில் நடக்கும் தேர்வுக்காக வீட்டுக்குத் தெரியாமல் கிளம்புகிறார்கள். பஸ் மாறி ஏறிவிடுகிறார்கள். கண் விழித்தால் காங்கோ நாடு! கையில் ஒரு காகிதம் கிடையாது. குழந்தைகளுக்கான அகதி முகாமில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து தப்பித்து, உலகக் கோப்பை ஆட்டங்களின் அட்டவணைப் படத்தையே பூகோளப் படமாக வைத்துக்கொண்டு தெற்கே நடையைக் கட்டுகிறார்கள். ஏறக்குறைய மூவாயிரம் மைல். வழியில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் ஜார்ஜ், துப்பாக்கி பிடிக்க வைக்கப்பட்ட சிறுவன். இன்னொருத்தி செலஸ்ட், ஏரிக்கரை விடுதியில் அகப்பட்டுக்கொண்ட பெண். நடுநடுவே டுடு ஒரு கதை சொல்கிறான். அது பொம்மைச் சித்திரமாக ஓடுகிறது. என் பெண்ணுக்குப் படத்திலேயே அதுதான் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தேசத்தின் எல்லையையும் அடுத்த தெருவுக்குப் போவதுபோல் தாண்டிவிடுகிறார்கள். நிஜத்தில் அந்த வழியில் இப்படி ஐந்து குழந்தைகள் தனியாகப் போய்ச் சேர்வது நடக்கிற காரியமா? துப்பாக்கி வருகிறது, அந்த விடுதி வருகிறது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரிய குழந்தைகளானாலும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ஃபாப்ரிஸாக நடித்த பையன் ரோஜர் என்செங்கியும்வாவைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு படத்தை மறுபடியும் பார்த்தேன். 1994-ல் ருவாண்டாவில் நூறு நாள் நடந்த இனப்படுகொலையில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது ரோஜர் கைக்குழந்தை. அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அம்மா இலுமினே குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒளிந்து, ஓடி, உயிர் தப்பினார். பிற்பாடு இங்கிலாந்தில் நார்விச் என்ற ஊரில் அவனை வளர்த்து ஆளாக்கினார். தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் பிள்ளைதான் படத்தில் துள்ளித் துள்ளிப் பந்து உதைக்கிறான். இரண்டாம் தடவை பார்த்தபோது பந்து என் கண்ணில் படவே இல்லை, போங்கள்!

செலஸ்டாக வருகிற ஷெரி சில்வரும் ருவாண்டாவில் பிறந்தவர்தான். பின்னாளில் பெயர்பெற்ற நடன ஆசிரியை ஆகிவிட்டார்.

அந்த வியாதியின் நிழல் டுடுவின் மேலும் விழுகிறது. அதை அதிகம் சொல்லிப் படத்தைக் கெடுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் தேடிப்போகிற அதே ஜோஹன்னஸ்பர்க்கில் நிஜமாகவே வாழ்ந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் என்கோசி ஜான்சன். 1989-ல் பிறக்கும்போதே ஹெச்.ஐ.வி.யோடு பிறந்தவன். பெற்றவளும் நோயாளி. கெயில் ஜான்சன் என்ற பெண்மணி அவனை எடுத்து வளர்த்தார். 1997-ல் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய ரகளை! கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். 2000-ல் டர்பன் நகரத்தில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், பதினொரு வயதுக் குழந்தை மேடையேறிப் பேசினான். கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள், வியாதி குழந்தைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டான். மறு வருஷம் ஜூன் முதல் தேதி அவன் போய்விட்டான். 2002-ல் அந்த மருந்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தென் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். தாய்க்கு ஹெச்.ஐ.வி. இருந்து எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளாவிட்டால், வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ குழந்தைக்குத் தொற்ற நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை வாய்ப்பு உண்டு. சரியான மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து? அதனால் மாசமாக இருக்கும்போது ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், "எனக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிற பரிசோதனை அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ஒரே பந்தை உதைப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ இது தொற்றாது. குழந்தைகளிடமும் இதைச் சொல்லுங்கள். இந்த வியாதியுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் ஒதுக்குவது முதலில் பெரியவர்கள்தான்.

சரி, அந்த 'அப்புறம்'. ராத்திரி படுக்கையில் பையன் விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அது பெரியவங்க உபயோகப்படுத்தற ரப்பர் உறைடா. ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்குச் சில வியாதி போகாம தடுக்கும். குழந்தை வேண்டாம்னு நினைக்கிறவங்களும் உபயோகப்படுத்துவாங்க." ஒரு காலத்தில் சிவப்பு முக்கோணத்தோடு சுவருக்குச் சுவர் எழுதியிருந்த சமாசாரம்தான். அதைச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. அவனோ சர்வ சாதாரணமாக "ஓ" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்போ டுடுவோட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது கிடைக்கலையாம்மா?" என்றான்.

என்ன சொல்வேன்? தலையைக் கோதிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சமையலறையில் சணல் உருண்டையைக் காணோம். வாசலில் போய்ப் பார்த்தால், பழைய ரவிக்கைத் துணியைச் சுருட்டி, மேலே பால் கவர்களைச் சுற்றி, அண்ணனும் தங்கையும் பந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது உதையிலேயே பிரிந்துவிட்டது. டுடு எப்படி முடிச்சுப் போடுகிறான் என்று பார்க்க வேண்டுமாம், படத்தை மறுபடியும் போடச் சொல்கிறார்கள்.