வெளிமான் பார்க்கக் கிண்டிக்கா, கோடியக்கரைக்கா?

சென்னைக்குப் போனால் கிண்டியில் மான் பார்த்துவிட்டு வருவது நம் பக்கத்துப் பழக்கம். நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் காடு, 1978 முதல் தேசியப் பூங்கா, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே வெளிமானைக் காக்கவென்றே 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், காரைக்கால் பக்கத்து நம் குரும்பகரத்தில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டினால் கோடியக்கரை.

போய்வந்து “ஒண்ணுமே இல்லீங்க” என்பவர்கள், பெரும்பாலும் தப்பான மாதத்திலோ நேரத்திலோ போயிருப்பார்கள். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு: உலர்காடும் புல்வெளியும் ஒரு பக்கம், உவர்ச்சதுப்பு இன்னொரு பக்கம். ஐப்பசி மழையில் சதுப்பில் நன்னீர் சேர்ந்து உப்பு குறையும்; பாசியும் சிற்றிறாலும் பெருகும். அதைத் தேடித்தான் பூநாரை வருகிறது. அலகைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. முழங்கால் ஆழம் தாண்டினால் அதற்குத் தோதுப்படாது. வடக்கே சைபீரியாவிலிருந்து உள்ளான்களும் வந்து சேரும். ஆக, பறவைக்குக் கார்த்திகை, மார்கழி. வெளிமானுக்குப் பங்குனிக்குப் பின். இரண்டுக்கும் விடியற்காலையோ மாலையோதான். உச்சிவெயிலில் உப்புத்தரையில் கானல்தான் தெரியும்.

வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு. சீமைக்கருவேலம் அந்த வெளியை அடைக்கிறது. அதன் நெற்றைத் தின்னும் மாடும் மட்டக்குதிரையும் சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வருகிறவர்கள் ஆசையாகப் படமெடுக்கும் அந்தக் குதிரைகள், வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் திரிபவை. மானின் புல்லுக்கும் பங்குக்கு வருபவை.

கோடியக்கரை நமக்கு எவ்வளவு பக்கம் என்பதை 2018 நவம்பரில் கஜா புயல் காட்டியது. கடல் காட்டுக்குள் புகுந்து இழுத்துப்போன மான்கள், காரைக்கால் கரையில் சடலமாக ஒதுங்கின. விழுந்த மரங்கள் ஒருபுறம் இருக்க, அந்தச் செய்தியைத்தான் இங்கே பலரால் மறக்க முடியவில்லை.

போவதற்கு முன் சதுப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருடமென்றால் பறவைக்காகப் போவது வீண். தண்ணீரும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே வாங்கிவிடலாம்.