பழைய சட்டை... புது வேலை! பல்லாவரம் சந்தையில் பேரம் பேசும் வாலிபர்கள்

சென்னை: வெள்ளிக்கிழமை காலை. தாம்பரம் போகும் மின்சார ரெயில் பல்லாவரத்தில் நின்றதும் கூட்டம் 'திமுதிமு' என்று இறங்குகிறது. கையில் காலிப் பை. எல்லோரும் போவது பழைய டிரங்க் ரோடு வாரச்சந்தைக்கு!

பழைய சாமான்களுக்குப் பெயர்போன மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையானது. இன்று அந்த ஆசைக்குத் தீனி போடுவது இந்தச் சந்தை. செடி, புறா, பழைய கட்டில், மின்விசிறி... பக்கத்திலேயே தார்ப்பாயில் துணிக் குவியல்.

"பழைய துணிக்குப் பாத்திரம்" என்று தெருவில் கூவி வாங்குகிறார்களே, அந்தத் துணியும் கிழிசல் தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு இப்படித்தான் மறுபடி விலைக்கு வருகிறது.

குவியலைக் கிளறிய வாலிபர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு இண்டர்வியூ. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணே."

வியாபாரி சிரித்தார். "காலர் நையாம இருக்கா பாரு தம்பி. பழசுன்னு காட்டிக் குடுக்கறது அதுதான்!"

ஏமாறாமல் வாங்க...

சட்டையை வெயிலில் விரித்துப் பிடித்தால் பொத்தல் தெரியும். அக்குள், பேண்ட் முட்டி, ஜிப் மூன்றையும் பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்க இடம் கிடையாது. அளவுச் சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் அலசாமல் உடுத்தக் கூடாது.

பேரம் படிந்தது. வாலிபர் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை அந்தச் சட்டை ஏதோ ஒரு மானேஜர் முன்னால் நிற்கும். சந்தைச் சட்டை என்று சொன்னால்தான் தெரியும்!