பேசிக்கொண்டிருப்பவருக்கு ஏன் வெண்டிலேட்டர்?



சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. அடுக்களையில் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் முகமும் மார்பும் வெந்த ஒரு சகோதரியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தொண்டையில் குழாய் வைக்க டாக்டர் கையெழுத்து கேட்கிறார், வாப்பாவோ, "எம் மவ நல்லாத்தானே பேசிட்டிருக்கா, எதுக்கு வெண்டிலேட்டர்? பில்லை ஏத்தத்தானே?" என்று மறுக்கிறார். நாங்கள் போய்ப் பேசி அவர் சம்மதிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அதற்குள் பிள்ளையின் குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் டாக்டர்கள் சிரமப்பட்டுக் குழாயை வைத்துவிட்டார்கள். அந்த வாப்பாவின் சந்தேகம் நம்மில் பலருக்கும் உண்டு.

கையில் சூடு பட்டால் உடனே வீங்குவதில்லை. நேரம் போகப் போகத்தான் வீங்குகிறது. அனலையும் புகையையும் இழுத்தவரின் தொண்டைக்குள்ளும் இதுவே நடக்கிறது. அங்கே வீங்க இடமில்லாததால் மூச்சு வழி அடைபடுகிறது. இந்த வீக்கம் முதல் 24 மணி நேரத்தில் கூடிக்கொண்டே போகலாம். பெரிய தீக்காயத்துக்கு ஏற்றும் சலைனும் அதைக் கூட்டும். வழி திறந்திருக்கும்போது குழாய் வைப்பது எளிது. அடைபட்ட பின் கழுத்தில் துளையிட வேண்டி வரலாம்.

தீக்காயம் பட்ட எல்லோருக்கும் குழாய் தேவையில்லை. மூடிய அறையில் சிக்கியது, முகம் வெந்தது, மூக்கு முடி கருகியது, சளியில் கரி, குரல் கம்மல், மூச்சில் இரைச்சல் ஆகியவற்றைப் பார்த்தே டாக்டர் முடிவெடுக்கிறார்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டினாலும் நம்ப முடியாது. அதனால்தான் உடனே முழு ஆக்சிஜன் தருகிறார்கள்.

வெண்டிலேட்டர் காயத்தை ஆற்றாது. வீக்கம் வடிந்து நுரையீரல் தேறும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும். குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் நோயாளி பேச முடியாது. மயக்க மருந்தும் தருவார்கள். பேச்சு நின்றதைப் பார்த்து "ஆள் போய்விட்டது" என்று எண்ணிவிடாதீர்கள். நிலை தேறியதும் குழாயை எடுத்துவிடுவார்கள். ஆனால், நுரையீரலில் கிருமித் தொற்று போன்ற ஆபத்துகளும் உண்டு. அவற்றை டாக்டரிடம் கேட்பது நம் உரிமை.

தீ விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை வெந்த இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். பேஸ்ட், மை, மாவு எதையும் தடவாதீர்கள். நினைவிருந்தால் சாய்த்து உட்கார வையுங்கள். எவ்வளவு நேரம் புகையில் இருந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கையெழுத்து கேட்டால், "இப்போது வைக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு உடனே முடிவெடுங்கள். தயக்கமிருந்தால் நள்ளிரவானாலும் எங்களைக் கூப்பிடுங்கள். வந்து உங்களோடு நிற்கிறோம்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.