கோழிக்குஞ்சின் எலும்பும் தீனியின் அளவும்

முட்டையினின்று வெளிவரும் இறைச்சிக் கோழிக்குஞ்சின் நிறை ஏறக்குறைய 40 கிராம். ஆறு வாரங்களுக்குள் அது 2 கிலோகிராமைக் கடந்துவிடுகிறது. அஃதாவது ஐம்பது மடங்கு வளர்ச்சி. தசை இத்துணை விரைவாகப் பெருகும்பொழுது, அப்பாரத்தைத் தாங்கும் கால் எலும்பும் உடன் உறுதிபெறுதல் வேண்டும். பெறாவிடின் கோழி நொண்டும். தீனியையும் நீரையும் நாடிச் செல்ல இயலாது மெலியும். வளர்ப்போரின் முதலும் உழைப்பும் வீணாகும்.

எலும்புக்கு உரமளிப்பவை கல்சியம், பொஸ்பரஸ் என்னும் இரு கனியுப்புக்களே. குஞ்சு நொண்டக் கண்டதும் சிப்பித் தூளை அள்ளிச் சேர்ப்போர் உளர். பிழை அங்கேதான் நேர்கிறது. இளங்குஞ்சின் தீனியில் கல்சியம் நூற்றுக்கு 1 பங்களவு இருந்தாற் போதும். உடல் ஏற்கக்கூடிய பொஸ்பரஸ் அதிற் பாதியளவு வேண்டும். கல்சியம் மிகுந்தால், அது குடலிலே பொஸ்பரசைப் பிணைத்துக் கழிவோடு போக்கிவிடும். எலும்பு பின்னும் தளரும். முட்டையிடும் பேட்டின் தீனியிலோ, ஓடு உருவாதற்பொருட்டுக் கல்சியம் நூற்றுக்கு 3.5 முதல் 4 பங்கு வரை உண்டு. அத்தீனியைக் குஞ்சுக்கு இட்டால் சிறுநீரகமும் பழுதுறும்.

சோளம், சோயா, தவிடு ஆகியவற்றிலும் பொஸ்பரஸ் உண்டு. எனினும் அதிற் பெரும்பகுதி பைற்றிக் அமிலத்தோடு கட்டுண்டு கிடப்பதால் கோழிக்கு எளிதிற் பயன்படாது. அக்கட்டை அவிழ்ப்பதற்கே பைற்றேஸ் என்னும் நொதியம் தீனியிற் சேர்க்கப்படுகிறது. விற்றமின் டி குறைந்தால் கல்சியம் உடலிற் சுவறாது. மங்கனீஸ் குறைந்தாலோ மூட்டின் தசைநார் இடம் வழுவிக் கால் கோணிவிடும்.

இனி, மூலிகைகள். வளர்ச்சியை ஊக்குவதற்காகத் தீனியில் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி முதல் முற்றாகத் தடைசெய்தது. அவற்றுக்கு ஈடு தேடிய ஆய்வாளர் மஞ்சள், உள்ளி, கருஞ்சீரகம், முருங்கையிலை முதலியவற்றைச் சோதித்தனர். குடலிலுள்ள தீய கிருமிகளை இவை அடக்கும், செரிமானத்தைப் பேணும் என்பது எதிர்பார்ப்பு. சில ஆய்வுகளிற் பயன் தெரிந்தது, சிலவற்றிலே தெரியவில்லை. முருங்கையிலைத் தூளிற் கல்சியம் உண்டெனினும், அளவு மிஞ்சினால் அதன் நார்ப்பொருள் வளர்ச்சியைத் தடுக்கும். ஆதலால் மூலிகை துணையாகலாமேயன்றிக் கனியுப்புக்கு ஈடாகாது.

கடையிற் பெறும் கலப்புத் தீனி பெரும்பாலும் அளவறிந்து கலக்கப்பட்டதே. குஞ்சு நொண்டுமாயின், அத்தீனி அவ்வயதுக்கு உரியதுதானா, ஈரத்திலும் வெப்பத்திலும் நெடுநாட் கிடந்து விற்றமின் இழந்ததா என்று முதலில் நோக்குக. பின்னர் மிருக வைத்தியரைக் கேட்டறிக. சிப்பித் தூளை அள்ளுவது அதன் பின்னர் ஆகட்டும்.