உங்களுக்குத் தெரியுமா? ஃபேனுக்கு 3 அடி தள்ளித்தான் ஸ்பிரிங்க்ளர்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2011 முதல், புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்கும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் (நீர்த்தெளிப்பான்) கட்டாயம். சிக்கல் எங்கே தெரியுமா? கூரையின் நடுவிடத்தை ஸ்பிரிங்க்ளரும் கேட்கும், சீலிங் ஃபேனும் கேட்கும்.

வீட்டு ஸ்பிரிங்க்ளர் தண்ணீரை நேர் கீழே மட்டும் கொட்டுவதில்லை. பக்கவாட்டில் வீசி, கூரைக்கு 28 அங்குலம் கீழ்வரையாவது சுவரையும் நனைக்க வேண்டும். ஏனென்றால் சுவரோரத் திரைச்சீலை வழியாக நெருப்பு சரசரவென மேலேறும். குறுக்கே ஏதாவது இருந்தால் அதற்கு அப்பால் ஓர் உலர்ந்த திட்டு விழும், நிழல் விழுவதுபோல. தடை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அந்தத் திட்டும் அவ்வளவு பெரிது.

அதனால்தான் வீடுகளுக்கான அமெரிக்கத் தரவிதி என்.எஃப்.பி.ஏ. 13டி, ஃபேன், விளக்கு ஆகியவற்றின் மையத்திலிருந்து கூரை ஸ்பிரிங்க்ளரின் மையம் குறைந்தது 3 அடி தள்ளி இருக்கச் சொல்கிறது. சுவரில் பதிக்கும் வகை தண்ணீரைக் கிடையாக வீசுவதால் அதற்கு 5 அடி.

குழாய் போடுபவர் ஒருவர், மின்வேலை செய்பவர் வேறொருவர். இந்தக் கணக்கு பெரும்பாலும் இருவருக்கும் இடையில் நழுவிவிடும். ஸ்பிரிங்க்ளர் உள்ள வீட்டில் புது ஃபேன் மாட்டுகிறீர்களா? முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.